காஸ் என்று சொல்வதற்கு முன்: வயிற்றுநோவோடு வருபவரைப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தில் எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஒரு இரவு நின்று பாருங்கள். வாசலில் ஓட்டோ வந்து நிற்கும், இரண்டு பேர் கைத்தாங்கலாக ஒருவரை இறக்குவார்கள், ஆளைக் கட்டிலில் ஏற்றுவதற்கு முன்பே கூட வந்தவர் வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்: "காஸ்தான் டொக்டர், பின்னேரம் பலாப்பழம் சாப்பிட்டவர்." பலாப்பழம் சாப்பிட்டது உண்மையாகத்தான் இருக்கும். காஸ் என்பது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் நிற்கிற நான், புதிதாக வரும் இளம் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் முதல் நாளே சொல்வது ஒன்றுதான்: காஸ் என்ற சொல் கடைசியாக வரவேண்டிய சொல், மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகு வரவேண்டிய சொல். இதை வீட்டில் உள்ளவர்களும் வாசிக்கட்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வயிற்றுநோவில் பாதி விஷயம் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

வயிற்றைத் தொடுவதற்கு முன் ஆளைப் பாருங்கள். முகம் வெளிறியிருக்கிறதா, நெற்றியில் குளிர்ந்த வியர்வை இருக்கிறதா, கையைப் பிடித்தால் சில்லென்று இருக்கிறதா? நாடி 100க்கு மேலே ஓடுகிறது, மேல் பிறஷர் 90க்குக் கீழே நிற்கிறது, விரல் நகத்தை அழுத்தி விட்டால் 2 செக்கனுக்குள் சிவப்புத் திரும்பவில்லை என்றால், கதை கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மூத்தவரைக் கூப்பிடுங்கள், ஒக்சிஜன் போடுங்கள், இரண்டு கையிலும் பெரிய கனுலா, அதாவது சேலைன் ஏற்றும் ஊசிக்குழாய், போடுங்கள், இரத்தம் எடுத்துப் பிரிவும் பொருத்தமும் பார்க்க அனுப்புங்கள், கதையைப் பக்கத்தில் நின்றபடியே கேட்கலாம். இளம் வயதுக்காரர்கள் உள்ளே நிறைய இரத்தம் போன பிறகும் பிறஷரைக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பார்கள், அதனால் பிறஷர் நல்லது என்று ஆறுதல் படாமல் நாடியைப் பாருங்கள். அட்டனலோல், பிசோப்ரலோல் போல நாடியைக் குறைக்கும் குளிசை போடுகிறவர்களில் அந்த நாடியும் ஏமாற்றும். அப்புறம் மூச்சு. எண்ணாமலே 18 என்று எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து அதை விடுங்கள், ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள். வயிற்றுநோவும் சத்தியுமாக வந்த ஒரு பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினால் அது வயிற்று வருத்தமாகவே இல்லாமல் இருக்கலாம், சீனி ஏறி இரத்தம் புளித்த நிலையாக இருக்கலாம். வயிற்றுநோ என்று வருகிற எல்லாருக்கும் விரலில் குத்திச் சீனி பாருங்கள், சீனி வருத்தம் இருப்பதாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

பிறகு ஆள் எப்படிக் கிடக்கிறார் என்று பாருங்கள். அசையாமல், மூச்சைக்கூட மேலோட்டமாக இழுத்துக்கொண்டு, கட்டிலில் யாராவது முட்டினாலே முகம் சுளிக்கிறார் என்றால் வயிற்றின் உள்சவ்வு அழன்றுபோயிருக்கிறது: குடல்புண் ஓட்டையாகியிருக்கலாம், அப்பெண்டிக்ஸ் வெடித்திருக்கலாம். மாறாக, ஒரு பக்கம் படுக்க முடியாமல், எழும்பி நடந்து, திரும்பக் குந்தி, நாரியைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறவருக்குச் சிறுநீரகக் கல் இருக்கச் சாத்தியம் அதிகம், அதிலும் நாரியில் தொடங்கி அடிவயிற்றுக்கும் கீழே இறங்குகிற குத்து என்றால். நான் எல்லாரிடமும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "வாற வழியில ஒழுங்கையில ஓட்டோ குலுங்கேக்க நொந்ததோ?" ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போனது என்று சொல்கிறவரின் வயிற்றை நான் இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பேன். ஒரு எச்சரிக்கை. 60 தாண்டிய ஒருவருக்கு, அதிலும் நெடுங்காலம் புகைத்தவருக்கு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கல் குத்துப்போல வந்தால் அதைக் கல் என்று உடனே நம்பாதீர்கள், வயிற்றின் பெரிய இரத்தக்குழாய் வீங்கிக் கசியும்போதும் நோ இப்படித்தான் நாரிக்கு வரும்.

கதை கேட்பதில்தான் நாம் மிகவும் அவசரப்படுகிறோம். நம் சனத்திடம் வயிற்றுநோவுக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: குத்து, முறுக்கு, எரிவு, உளைவு, இழுவல், பொருமல். ஒவ்வொன்றும் வேறு வேறு. முறுக்கு வந்து வந்து போகும், குழாய் போன்ற ஏதோ ஒன்று அடைபட்டு நெளிகிறது. உளைவு என்றால் பெரும்பாலும் வயிற்றோட்டத்தோடு வருவது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அப்படியிருந்தும், நோயாளி தன் நோவைத் தமிழில்தான் சொல்லுவார் என்கிற சாதாரண விஷயம் நம் கையில் வருகிற குறிப்பேட்டில் காணாமல் போய்விடுகிறது, எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதுங்கள், அடுத்த முறை வேலைக்கு வருகிறவர் அதை வாசித்துப் பயன்படுத்துவார். இடத்தையும் வாயால் கேட்காமல் ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் "வயிறு" என்று சிலர் நெஞ்சுக்குழியைச் சொல்லுவார்கள், சிலர் கவட்டைச் சொல்லுவார்கள்.

எப்போது தொடங்கியது என்று கேட்டால் "நேற்றிலிருந்து" என்பார்கள். அது போதாது. தொடங்கின நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். "கிணற்றில தண்ணி அள்ளிக்கொண்டு நின்றனான், வாளி கையில, சடாரென்று வந்தது" என்று அந்தக் கணத்தைச் சொல்ல முடிகிறவருக்கு ஏதோ வெடித்திருக்கிறது, முறுகியிருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது. சரி, சத்தி முதலா நோ முதலா? நோ முதலில் வந்து சத்தி பிறகு வந்தால் சத்திர சிகிச்சை தேவைப்படும் வயிறாக இருக்கலாம், சத்தியும் வயிற்றோட்டமும் முதலில் வந்து நோ பிறகு வந்தால் கிருமித் தொற்றாக இருக்கச் சாத்தியம் கூட. அப்பெண்டிக்ஸ் தன் வழமையான கதையைச் சொல்லும்போது அழகாகச் சொல்லும்: தொப்புளைச் சுற்றி மந்தமான ஒரு நோ, சாப்பாட்டில் மனம் இல்லை, ஒன்றிரண்டு சத்தி, லேசான காய்ச்சல், பிறகு ஒரு நாளுக்குள் நோ இறங்கி வலது அடிவயிற்றில் ஒரு விரல் இடத்தில் நிற்கும். ஆனால் எல்லா நேரமும் அது வழமையான கதையைச் சொல்லாது, கர்ப்பிணிகளிலும் சிறு பிள்ளைகளிலும் வயோதிபர்களிலும் குழப்பும். கடும் நோ திடீரென்று குறைந்து "இப்ப சுகம்" என்று சொல்லிவிட்டு, சில மணித்தியாலத்தில் வயிறு முழுக்க நோவும் காய்ச்சலுமாகத் திரும்பி வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வெடித்த அப்பெண்டிக்ஸ்.

சத்தியின் நிறத்தைக் கேளுங்கள். பச்சையாகப் பித்தம் எடுக்கிற கைக்குழந்தை ஒரு நிமிடமும் வரிசையில் நிற்கக்கூடாது. கோப்பிச் சக்கை போல இருந்தால் இரைப்பையில் இரத்தம். மலம் தார்போலக் கறுப்பா என்று கேட்கும்போது இரும்புக் குளிசை குடிக்கிறாரா என்றும் சேர்த்துக் கேளுங்கள், அதுவும் கறுப்பாக்கும். நெஞ்சுக்குழி நோ முதுகுக்கு ஊடுருவி, குனிந்து இருந்தால் கொஞ்சம் சுகம் என்றால் கணையம். பித்தப்பைக் கல் இருக்கிறதா, கள்ளு, கசிப்பு, சாராயம் எவ்வளவு என்று மனைவி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். மூட்டு நோவுக்கும் நாரி நோவுக்கும் கடையில் துண்டு இல்லாமல் வாங்கிப் போடுகிற டைக்ளோபெனாக் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், குடல்புண் ஓட்டையாகி வந்த நம் ஆச்சிமாரில் பலரின் முந்தானை முடிச்சில் அந்த மாத்திரை அட்டை இருந்திருக்கிறது.

காற்றுப் பிரிகிறதா, மலம் போனதா, வயிறு ஊதியிருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கெட்டதாக இருந்து முறுக்கு நோவும் சத்தியும் இருந்தால் குடல் அடைப்பு. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. சேட்டைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை ஒரு நீண்ட தழும்பு இருக்கும், எப்போது என்று கேட்டால் சிலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஷெல் பட்டது என்பார்கள். யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது, ஆனால் அன்று திறந்து தைத்த வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்ட நார்கள் பத்து, இருபது வருஷம் கழித்தும் குடலைச் சுற்றி இறுக்கும். அந்தத் தழும்பைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், பழைய காயத்துக்கும் இன்றைய நோவுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே வயிறு முழுவதையும் திறந்து பாருங்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

முழுவதும் என்றால் கவடு வரைக்கும். சாரத்தை இறக்காமல் வயிறு பார்த்ததாக எழுதக்கூடாது. இறுகின குடலிறக்கம் ஒன்று அங்கே கட்டியாக இருக்கும், வெட்கத்தில் சொல்லியிருக்க மாட்டார். பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன் ஒரு விடியற்காலை அம்மாவோடு வந்தான், அடிவயிறு நோகுது, இரண்டு தரம் சத்தி. வயிறு மெத்தென்று இருந்தது. அம்மா பக்கத்தில் நின்று எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அவனோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டு தொடையையும் கொஞ்சம் விலத்தி வைத்திருந்தான். "அம்மா, நீங்கள் போய்த் துண்டு பதிஞ்சுகொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டுக் கேட்டேன், "தம்பி, கீழயும் நோகுதோ?" தலையாட்டினான், கண் கலங்கிவிட்டது. ஒரு பக்க விதை மேலே ஏறி, வீங்கி, தொட விடவில்லை. விதை முறுகினால் நமக்கு இருப்பது ஏறக்குறைய 6 மணித்தியாலம், அதற்குள் சத்திர சிகிச்சை நடந்தால் காப்பாற்றச் சாத்தியம் மிக அதிகம், நேரம் போகப் போக அது குறையும். ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் நேரே சத்திர சிகிச்சை நிபுணருக்குச் சொன்னோம், காப்பாற்றினார்கள். அம்மா அந்த இடத்தில் நின்றிருந்தால் அவன் வாய் திறந்திருக்க மாட்டான்.

பெண்களிடமும் இதேதான், இன்னும் கவனமாக. மாதவிடாய் வருகிற வயதில் உள்ள எவருக்கும் வயிற்றுநோ வந்தால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யும்வரை கர்ப்பம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கிய கரு பெரும்பாலும் 6 முதல் 8 கிழமையளவில் தன்னைக் காட்டும், வெடிக்கவும் கூடும், நாள் தள்ளினதைக்கூட அவர் கவனித்திருக்க மாட்டார். ஒரு பக்க அடிவயிற்று நோ, லேசான இரத்தக்கசிவு, எழும்பி நின்றால் கண் இருட்டுவது, அதோடு தோள் நுனியில் ஒரு நோ. தோள் நோவதை யாரும் வயிற்றோடு சேர்த்துச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும், வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தைத் தொடும்போது நோ தோளில் தெரியும். கலியாணம் ஆகாத பிள்ளையிடம் தாய்க்கும் பெரியம்மாவுக்கும் முன்னால் கேட்டால் கிடைக்கும் பதிலை வைத்து எதுவும் முடிவெடுக்க முடியாது. தனியாகக் கேளுங்கள், குரலைத் தாழ்த்திக் கேளுங்கள், என்ன சொன்னாலும் முகத்தில் எதையும் காட்டாதீர்கள், இது எல்லாருக்கும் செய்கிற சோதனை என்று உண்மையாகவே சொல்லிச் சலம் எடுத்துப் பாருங்கள்.

இனி, வயிற்றில் நோகும் ஆனால் வருத்தம் வயிற்றில் இருக்காது என்கிறவை. இதில் நான் செய்த பிழை ஒன்றை எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இரவு வேலை. சீனி வருத்தம் உள்ள ஒரு ஐயா, வயது 58, நெஞ்சுக்குழியில் எரிவு, ஒருதரம் சத்தி. கூட வந்த மகன் காஸ் என்றார், நானும் காஸ் என்று எழுதி, மருந்து கொடுத்து, வாங்கில் இருக்கச் சொன்னேன். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தவரின் சேட் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டேன், கண்டும் அதன் அர்த்தத்தை எடுக்கவில்லை. 40 நிமிடம் கழித்து வாங்கிலிருந்து சரிந்தார். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. உயிர் பிழைத்தார், ஆனால் பழையபடி தோட்டத்துக்குப் போக அவரால் முடியவில்லை. அன்றிலிருந்து தொப்புளுக்கு மேலே நோ என்று வருகிற 40 வயது தாண்டிய எவருக்கும், சீனி வருத்தம் உள்ளவர் என்றால் இன்னும் இளம் வயதிலும், வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கிறேன். ஒரு ஈசிஜி எடுத்துக் காஸ் என்று முடிவானால் நட்டம் எதுவும் இல்லை.

இரண்டாவது, பாம்பு. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுநோவோடு எழும்புகிறார், கடித்த அடையாளம் எதுவும் இல்லை, பாம்பைக் காணவும் இல்லை. எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்கிற பாம்பு இப்படித்தான் செய்யும், நித்திரையில் கடிக்கும், கடி நோகாது, வீங்காது, முதலில் தெரிவது பல நேரம் கடும் வயிற்றுநோதான். கண் இமைகளை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள், தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று கேளுங்கள். இமை சரிகிறது என்றால் மூச்சுத் தசை எப்போது சோரும் என்று சொல்ல முடியாது, உடனே செயற்கைச் சுவாச வசதி உள்ள இடத்தில் இருக்க வேண்டும். "இரவு எங்க படுத்தனீங்கள்?" என்கிற கேள்வி வேறு நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்காது, இங்கே கட்டாயம் கேட்க வேண்டியது.

மூன்றாவது டெங்கு. மாரி தொடங்கி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று காய்ச்சல்காரர் நிரம்புகிற காலத்தில், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் ஆறுதல் படுகிற அந்த நாளில் கடும் வயிற்றுநோவும் ஓயாத சத்தியும் வந்தால் அது ஆபத்துக் குறி, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கலாம். சமீபத்தில் காய்ச்சல் இருந்ததா என்று எல்லாரிடமும் கேளுங்கள், இருந்திருந்தால் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் பக்கமே போகாதீர்கள். சிறு பிள்ளைகளில் நிமோனியாகூட வயிற்றுநோவாக வரும், நெஞ்சையும் கேட்டுப் பாருங்கள். ஒரு வயதை ஒட்டிய குழந்தை இடைவிட்டு இடைவிட்டு வீரிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, நடுவில் வெளிறிச் சோர்ந்தால் குடல் குடலுக்குள் சொருகியிருக்கிறது என்று நினையுங்கள், மலத்தில் சளியும் இரத்தமும் வருவது பிந்தித்தான், அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

தொட்டுப் பார்ப்பது. கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள், முழங்காலை மடக்கச் சொல்லுங்கள், நோகிற இடத்துக்குத் தூரத்தில் தொடங்குங்கள், கண் அவர் முகத்தில் இருக்கட்டும். இருமச் சொல்லுங்கள், இருமும்போது கை தானாக ஒரு இடத்தைப் பொத்தினால் அதுவே போதும், அழுத்திச் சடாரென்று கையை எடுத்து ஆளைத் துடிக்க வைக்கத் தேவையில்லை. பலகைபோல இறுகிய வயிற்றை ஒருதரம் தொட்டால் மறக்காது. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னால் பாதியில் நிற்கிறதா, பித்தப்பை அழற்சி. அதோடு காய்ச்சலும் கண் மஞ்சளும் சேர்ந்தால் பித்தக்குழாயில் தொற்று, அது அவசரம். வயோதிபர், நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, நோவில் கத்துகிறார், தொட்டால் வயிறு மெத்தென்று இருக்கிறது என்றால் நடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், குடலுக்குப் போகிற இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், அது குடல் அழுகுவதற்கு முன் உள்ள கொஞ்ச நேரம்.

நோவுக்கு மருந்து கொடுங்கள். கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று முந்தைய தலைமுறைக்குப் படிப்பித்தார்கள், நரம்பு வழியாக அளவாகக் கொடுக்கிற மோர்பீன் நோயைக் கண்டுபிடிப்பதைக் கெடுப்பதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. நோ தணிந்தவர் தளர்ந்து படுப்பார், வயிற்றை இன்னும் நன்றாகப் பார்க்கலாம்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு. கடும் வயிற்றுநோ உள்ளவருக்குப் பேதி கொடுக்காதீர்கள், வயிற்றை எண்ணெய் பூசி உருவி விடாதீர்கள். ஓமத் தண்ணியும் இஞ்சிப் பிளேன்ரீயும் சாதாரணப் பொருமலுக்கு நல்லதுதான், எனக்கும் அம்மம்மா தந்தவர், ஆனால் அசைய முடியாத நோ, மயக்கம், இரத்தம், பச்சைச் சத்தி, பலகை வயிறு, கர்ப்பம், வியர்த்துக் கொட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாயால் ஒன்றும் கொடுக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வடக்குக்கு 2018இல் வந்தது, காசு இல்லை, ஓட்டோவில் கிடைக்காத ஒக்சிஜனும் பழகின ஆளும் அதில் உண்டு. கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசை எல்லாவற்றின் அட்டை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இவற்றோடு வாருங்கள்.

முதல் பார்வையில் முடிவு தெரியவில்லை என்றால் அது தப்பில்லை. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் விட்டுத் திரும்பப் பாருங்கள், முடிந்தால் முதலில் தொட்ட அதே கை தொடட்டும், நாடியை முதல் எழுதின எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் "காஸ்" என்று எழுதாதீர்கள், "வயிற்றுநோ, காரணம் இன்னும் தெரியவில்லை" என்று எழுதுங்கள், நோ இடம் மாறினால், காய்ச்சல் வந்தால், சத்தி நிற்காவிட்டால் இரவு எத்தனை மணியானாலும் திரும்பி வரச் சொல்லுங்கள், சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். எங்கே வீடு என்றும் கேளுங்கள். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள திருநெல்வேலிக்காரர் திரும்பி வந்துவிடுவார். நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருவதற்கே ஒரு மணித்தியாலம் கடலில் வர வேண்டும், இரவில் வழமையான படகும் கிடையாது, அவரைச் சந்தேகத்தோடு அனுப்பாமல் விடியும்வரை ஒரு கட்டில் கொடுத்து வைத்திருங்கள்.